இரண்டு விரல் கண்

மோர்ப்பண்ணை ஏலக்கூடத்தில்
மீன் கழுவின சிமெண்டுத் தரை இன்னும் காயவில்லை.
நண்டு நிறுக்கும் தராசைத் தள்ளிவிட்டு
நீலப் பெட்டியை வைத்தேன்.
பெட்டிக்குள் ஐஸ், ஐஸுக்குள் பதினொரு குப்பி.

முதலில் வந்தவள் அம்புசெல்வி.
பிறக்கும்போது அவள் நம்புசெல்வி.
பழைய நோட்டிலிருந்து புது நோட்டுக்கு
ஒரு ராத்திரி பெயர்களை ஏற்றும்போது
கண் அசந்து எழுத்து ஒன்று மாறிவிட்டது.
அன்றைக்கு இன்னும் ஏழெட்டுப் பிழை செய்திருந்தேன்.
எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் திருப்பி அனுப்பியது,
இது ஒன்றைத் தவிர.
ரேஷன் அட்டை, பள்ளிக்கூடம்...
இப்போது அவள் அப்பனே அம்பு என்றுதான் கூப்பிடுகிறான்.

அந்த அப்பன், நம்புராசன்,
வலையை மடியில் போட்டபடி கேட்டான்:
"நீங்க குத்தக் குத்தத்தான் அது உருமாறுதாமே?
போன்ல வந்துச்சு சிஸ்டர்.
போடாம விட்டா அதுபாட்டுக்குச் சும்மா கெடக்கும்ல?"

சும்மா கிடந்த வருசத்தின் நோட்டும் என் பையில் இருக்கிறது.
சிவப்பு மையில் மூன்று பெயர்.
அதைப் பிரித்துக் காட்டவில்லை.

அவன் மடியிலிருந்த வலைக்கண்ணுக்குள்
இரண்டு விரலை விட்டேன்.
"இந்த வலையா சின்ன மீனைப் பெத்துச்சு?"
"இல்ல."
"பெருசு மாட்டும், சின்னது கழியும்.
கழிஞ்சதுதான அடுத்து முட்டை போடும்?"
பேசவில்லை.
முரல் முன்னைப்போல் நீளமில்லை என்று
போன மாதம் இதே கூடத்தில் கத்தினவன் அவன்.

கிருமிக்கு மூளை கிடையாது.
தன்னைத் தானே நகலெடுக்கும் தூக்கக் கலக்கம் அது.
ஒரு நெஞ்சுக்குள், ஒரே ராத்திரியில், கோடி நோட்டு.
பிழை, பிழை, பிழை,
பெரும்பாலும் செத்த எழுத்து.
ஏதோ ஒன்று கண்ணில் கழிந்து வெளியே போகும்.
எழுதவே விடாத நெஞ்சில்
கழிய என்ன இருக்கிறது?

இவ்வளவு கோர்வையாக அவனிடம் சொல்லவில்லை.
"தட்டம்மை மாறலையே," என்றேன்.
அதன் சாவி அப்படி.
பல்லை ராவிக்கொண்டால் ஊசிக்குத் தப்பலாம்,
பூட்டு திறக்காது.
சளிக்காய்ச்சலின் சாவி வளைந்துகொடுக்கிறது.
வருசா வருசம் புதுசாகக் குத்துகிறோம்.

கோழிகளுக்கு ஒரு நோய் உண்டு,
பரமக்குடிப் பயிற்சியில் கேட்டது.
அந்த ஊசி கோழியையும் சாகவிடாது,
கிருமியையும் சாகவிடாது.
முன்பு ரொம்பக் கொடியது
கோழியோடு குழிக்குள் போய்விடும்.
இப்போது கோழி நிற்கிறது.
கொடியது நடந்து போகிறது, பக்கத்துக் கூண்டுக்கு.
அதையும் சொன்னேன்.
நான் மறைத்தால் நாளைக்குப் போன் சொல்லும்.

"அப்ப நீங்க கொண்டாந்தது எந்த ஊசி?"

கூடம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.
ஐஸ் விற்கும் சிக்கந்தர்கூடக் கட்டையை இறக்கிவைத்தார்.
"ரெண்டுக்கும் நடுவுல," என்றேன்.
"சாவைத் தடுக்கும். பரவுறதைக் குறைக்கும்.
முழுசா நிறுத்தாது."
உண்மையைச் சொல்லும்போது என் குரல்
எப்போதும் கொஞ்சம் இறங்கிவிடுகிறது.

பொழுது சாய்ந்தது.
திறந்த குப்பியில் இன்னும் இரண்டு பேருக்கு மருந்து.
நாலு மணி நேரக் கெடுவில் மூன்று போய்விட்டது.
முதல் ஊசியோடு கடலுக்குப் போனவர்களின் படகு
கொண்டல் காற்றில் கரை பிடிக்க முடியாமல்
அப்பால் நிற்கிறதென்றார்கள்.
பாதி போட்டு விட்ட உடம்பு
எத்தனை விரல் கண் என்று
எனக்குத் திட்டமாகத் தெரியாது.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன்.
பெட்டி தலையில். பாசி காலைச் சுற்றியது.
பின்னால் தண்ணீர் அளையும் சத்தம்.
"சிஸ்டர், அந்தப் பக்கம் ஆழம்.
இப்படி வாங்க."

சட்டைக் கையை மடித்திருந்தானா,
இருட்டில் தெரியவில்லை.